இலையை அச்சாக்கும்போது நேரும் தவறுகள்

இலையில் மை தடவித் தாளில் அச்செடுக்கும் இலைப்பதிவில் கெட்டுப்போகும் தாள்களில் பெரும்பாலானவற்றைக் கெடுப்பது மை மிகுதியே. நரம்புகளின் மேடு மட்டுமே மையை ஏந்த வேண்டும். இடையிலுள்ள பள்ளங்களிலும் மை தேங்கினால் தாளில் இலை வடிவக் கறைதான் விழும். 18ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அச்சகம் நடத்திய பெஞ்சமின் பிராங்க்ளின், இலையிலிருந்து வார்த்தெடுத்த உலோக அச்சைக் காகிதப் பணத்தில் பயன்படுத்தியதே, அந்த நரம்புப் பின்னலைக் கள்ளநோட்டு அடிப்போரால் எளிதில் செதுக்க முடியாது என்பதற்காகத்தான். அத்தகைய நுண்மையை ஒரு தூரிகை மை மூழ்கடித்துவிடும். ஆகவே கண்ணாடித் தட்டில் உருளையால் மையை மெல்லிய படலமாகப் பரப்பி, அந்த உருளையையே இலைமீது ஓட்ட வேண்டும். முதல் பிரதி அப்பிப்போனால் இலையை எறிந்துவிட வேண்டாம். மறுபடி மை தடவாமல் எடுக்கும் இரண்டாம் பிரதியில் நரம்புகள் பெரும்பாலும் தெளிந்து நிற்கும், எனக்கு அதுவே பிடித்தமானது.

பளபளப்பைக் கண்டு இலையின் மேற்புறத்தில் மை தடவுவது அடுத்த தவறு. தேக்கு, ஆமணக்கு போன்றவற்றில் நரம்புகள் புடைத்திருப்பது அடிப்புறத்தில். மேற்புறத்து மெழுகுப் படலத்திலோ நீர்வண்ணம் ஒட்டாமல் முத்து முத்தாகத் திரளும். பறித்த கையோடு அச்சிட்டால் இலையின் ஈரம் மையைக் கரைக்கும், முற்றும் காய்ந்த சருகோ அழுத்தத்தில் நொறுங்கும் என்பதால், செய்தித்தாள்களுக்கிடையே வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி, ஓர் இரவு வாட்டிய இலையே ஏற்றது. எருக்கு, அரளி இரண்டின் பாலும் நஞ்சு. பிள்ளைகள் கையில் அவற்றைக் கொடுக்கவே கூடாது.

பள்ளிகளில் வழக்கமான வெண்டைக்காய்ப் பதிவு பிசுபிசுத்துப் போவதற்குக் காரணம் அதன் கொழகொழப்பு. கூரிய கத்தியால் ஒரே வெட்டாக நறுக்கி, வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றிச் சிறிது உலரவிட்டால் போதும்.

அழுத்தும்போது இலை நகர்ந்தால் ஒவ்வொரு கோடும் இரட்டையாகும். மேலே வேறொரு தாளை மூடி, ஒரு கையால் அசையாமல் பிடித்து, மறுகையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவ வேண்டும். தடித்த காம்பு தாளைத் தூக்கி நிறுத்துமானால் முன்பே சீவிவிடலாம். மரப்பட்டை போன்ற மேடுபள்ளமான பொருளைத் தாளின்மீது அழுத்துவதைவிட, மீனுக்கு மை தடவி அதன்மேல் மெல்லிய தாளைப் போர்த்தி நீவும் ஜப்பானிய 'கியோதாக்கு' முறையைப் பின்பற்றுவது நல்லது.

துணியில் அச்சிடுவோர், கடையிலிருந்து வந்த துணியின் கஞ்சியை அலசிப் போக்காமல் தொடங்கினால் வண்ணம் கஞ்சியோடு போய்விடும்.