ஆய்வேட்டுக்கு முன் ஒரு குறிப்பேடு

மண்டபம், தொண்டி பக்கங்களில் கடல்சார் ஆய்வுக்கு வந்திருக்கும் மாணவர் பலருக்கு, குறிப்பாகக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்களுக்கு, 'என்னைத் தவறிப்போய்த் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும்' என்ற அச்சம் இருக்கிறது. 1978இல் பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் இதை முதலில் விவரித்து எழுதினார்கள். இது நோயன்று. ஆனால் கிடைத்த வெற்றியையெல்லாம் அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதிவிடுவதால், அடுத்த வேலையைத் தொடங்கும் ஊக்கத்தை இது அரித்துவிடும்.

முதல் வேலையாக ஒரு குறிப்பேடு வாங்குங்கள். பாக் நீரிணையில் கடலடியில் சதுரச் சட்டங்களை வைத்து, அவற்றுக்குள் உள்ள கடற்புல்லை எண்ணப் போய்வந்த அன்று மாலையே, 'பத்துச் சட்டங்கள் வைத்தேன். நான்கில் நீர் கலங்கியிருந்ததால் எண்ணவில்லை. ஆறில் தண்டுகளை எண்ணினேன்' என்று எழுதுங்கள். இதில் வினைச்சொல்தான் முக்கியம். 'தரவு கிடைத்தது', 'நன்றாக அமைந்தது' என்று எழுதினால் செய்தவர் மறைந்துவிடுகிறார். 'எண்ணினேன்', 'பிரித்தேன்', 'திருத்தினேன்' என்று எழுதுங்கள். 'எல்லாம் ஆண்டவன் புண்ணியம்' என்பதைப் பக்கத்து வீட்டாரிடம் தாராளமாகச் சொல்லலாம், குறிப்பேட்டில் வேண்டாம்.

நெறியாளரிடம் போகும்போது, 'சார், எனக்கு வரவில்லை' என்று தொடங்காதீர்கள். 'கலங்கிய நான்கு சட்டங்களை விட்டுவிடலாமா, மறுபடி போகட்டுமா?' என்று கேளுங்கள். அதற்குத்தான் அவரால் விடை சொல்ல முடியும்.

கருத்தரங்கில் ஆங்கிலம் தடுமாறுமானால், முதலில் தமிழில், கடற்பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவரிடம் விளக்கிப் பாருங்கள். மரிக்கொழுந்துப் பாசி எங்கே குறைந்தது என்று அவர் திருப்பிக் கேட்கும் கேள்வி, மதிப்பீட்டாளர் கேட்பதைவிடக் கூர்மையாக இருக்கக்கூடும்.

மனம் ஓடாத நாளில் ஓர் அட்டவணைக்குத் தலைப்பிடுவது போன்ற அரைமணி நேர வேலை போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறினாலும், வலை பொத்துவதும் பலகை மாற்றுவதும் நடந்துகொண்டுதானே இருக்கின்றன?

உதவித்தொகை மாதக்கணக்கில் வராததும், நாலு பேர் முன்னால் அவமதிக்கப்படுவதும் உங்கள் மனத்தின் குறை அல்ல. அவற்றை எழுத்தில் முறையிடுங்கள். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் பேசுங்கள்.

ஆய்வுக்குழுக் கூட்டத்துக்கு முந்தைய இரவு புதிதாக எதையும் படிக்க வேண்டாம். குறிப்பேட்டைப் புரட்டி, 'எண்ணினேன்', 'பிரித்தேன்' என்பன போல '-ஏன்' என்று முடியும் வினைச்சொற்களின் கீழெல்லாம் கோடிடுங்கள்.