ஏரி விராலுக்கு ரப்பர் தவளை: வேலூர்ப் பக்கம் தூண்டில் போடுகிறவர்களுக்கு

ராடு, ரீல், டப்பா நிறையக் கலர் கலராக லூர் (செயற்கை இரை) எல்லாம் வாங்கிவிட்டு, "எங்கண்ணா போட்டா விழும்?" என்று கேட்கிற தம்பிகள் இப்போது காட்பாடியிலும் குடியாத்தத்திலும் நிறையப் பேர். பாதிப் பேர் பார்த்துவிட்டு வருவது அமெரிக்காக்காரர்கள் பாஸ் மீன் பிடிக்கிற வீடியோ. அந்த மீன் நம்மூர் ஏரியில் கிடையாது. ஆனால் பாஸுக்கென்று செய்த, தண்ணீர்மேல் மிதக்கிற ரப்பர் தவளை லூர் நம்ம விராலுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி பொருந்தும். இரண்டுமே பாசிக்குள் பதுங்கி, மேலே போவதைப் பாய்ந்து கவ்வும் சாதி. வித்தியாசம் மூச்சில் இருக்கிறது. பாஸுக்குச் செவுள் போதும். விரால் காற்றைக் குடிக்க மேலே வந்தே ஆகவேண்டும். வர முடியாமல் போனால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஆகவே தான் இருக்கிற இடத்தை அதுவே காட்டிக்கொடுக்கும். பார்க்கத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

போனதும் வீசாதீர்கள். கரையில் நிழல் தண்ணீர்மேல் விழாத இடமாகப் பார்த்து உட்காருங்கள். கால் மணி நேரம் ராடைத் தொடக் கூடாது. தண்ணீரில் எழும் சத்தத்தைப் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். ஜிலேபி மீன் மேலே வந்து வாயடித்தால் சின்னதாக 'டப்' என்று கேட்கும், வட்டமும் சின்னதுதான். கட்லாவோ ரோகுவோ புரண்டால் முதுகு தெரியும், வால் தெரியும், அலை கரை வரைக்கும் வரும். விரால் எழுவது வேறு மாதிரி. 'ப்ளக்' என்று கனமான ஒரே சத்தம். கறுத்த தலை ஒரு நொடி தெரிந்தால் உண்டு. அது இறங்கிய பிறகு ஒன்றிரண்டு குமிழி, பக்கத்து அல்லி இலை லேசாக ஆடி நிற்கும். அதைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த விரால் அதே சுற்றுவட்டாரத்தில்தான் மறுபடியும் மூச்செடுக்க வரும். இரண்டு முறை எழுந்த இடங்களை மனதில் கோடு போட்டு இணைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதும் தெரியும்.

இடத்தைப் பொறுத்தவரை, ஏரியின் நடுவை மறந்துவிடுங்கள். மதகுப் பக்கம், கரைக்குக் கல் பதித்த ஓரம், ஆகாயத்தாமரை திட்டுத் திட்டாக நின்று நடுவில் சின்னச் சின்ன வெளி விட்ட இடம், கோரைப் புதரின் வாய், வரத்துக் கால்வாய் ஏரியில் சேரும் முனை. ஐப்பசி, கார்த்திகை மழையில் புதுத்தண்ணீர் ஏறும்போது விரால் கரையோரப் புல்லுக்கே வந்துவிடும். முழங்கால் ஆழத்தில்கூட நிற்கும். ஏரி நிரம்பிக் கோடி (உபரித் தண்ணீர் வழியும் இடம்) போகிற நாட்களில் கோடிக்குக் கீழே உள்ள குட்டைகளையும் பாருங்கள், வெள்ளத்தோடு இறங்கியது அங்கே தங்கும். கோடிமேல் ஏறி நிற்காதீர்கள், பாசி வழுக்கும். பங்குனிக்கு மேல் தண்ணீர் சுருங்கும்போது மீன் ஓரிடத்தில் சேரும், நல்ல காலம்தான். ஆனால் வேலூர் வெயில் என்னவென்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. விடிந்து எட்டு மணிக்குள் முடித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மறுபடி போவதென்றால் வெயில் சாய்ந்த பிறகு.

சாமானுக்கு அதிகம் செலவு வேண்டாம். ஆறரை முதல் ஏழு அடி வரை மீடியம் ஹெவி ராடு, 2500 அல்லது 3000 அளவு ஸ்பின்னிங் ரீல், 30 அல்லது 40 பவுண்டு தாங்கும் பிரெய்டு, அதாவது பின்னிய நூல். நைலான் நரம்பு இந்த வேலைக்கு ஆகாது. இழுத்தால் நீளும், தூண்டில் முள் மீன் வாயில் ஏறாது, பாசியை அறுக்கவும் செய்யாது. தவளை 8 முதல் 14 கிராமுக்குள் ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை இருந்தால் போதும். மற்ற கலரெல்லாம் நம்மைப் பிடிக்கத்தான், மீனைப் பிடிக்க இல்லை.

வாங்கின தவளையை அப்படியே போடாதீர்கள். பாஸின் வாய் பெரிய வாய், அகலத் திறந்து உறிஞ்சிக்கொள்ளும். விரால் எலும்புத் தாடையால் கவ்வி அழுத்தும். கடையில் வரும்போது இரண்டு முள்ளும் ரப்பர் முதுகோடு ஒட்டிக் கிடக்கும். குறடால் இரண்டையும் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் விரியுங்கள், நெல் மணி நுழையும் அளவு இடைவெளி போதும். அதற்குமேல் விரித்தால் பாசியை வாரிக்கொண்டு வரும். பின்னால் தொங்கும் ரப்பர் கால்களில் பாதியை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மீன் காலை மட்டும் கடித்துவிட்டுப் போகும். ஒவ்வொரு கடிக்குப் பிறகும் தவளையைப் பிதுக்கி உள்ளே போன தண்ணீரை வெளியேற்றுங்கள். மூழ்குகிற தவளைக்கு மதிப்பில்லை.

முடிச்சு பாலோமர். பிரெய்டை இரட்டையாக மடித்துத் தவளையின் மூக்கு வளையத்தில் நுழையுங்கள். மடித்த நுனியால் ஒரு சாதா முடிச்சு, இறுக்காமல். நுனியில் நிற்கும் நூல் வளையத்தைத் தவளையின் முழு உடம்புக்கும் மேலாக மாட்டி மறுபக்கம் இறக்குங்கள். எச்சில் தொட்டு மெதுவாக இழுத்து இறுக்குங்கள். உலர்ந்தபடி வெடுக்கென்று இழுத்தால் நூல் உராய்ந்து பலம் குறையும்.

வீசும்போது மீன் எழுந்த இடத்தின் தலையில் போடக் கூடாது. அதற்கு அப்பால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளிப் போட்டு, அதன் வழியாக நடத்திக் கொண்டுவர வேண்டும். இலைகளின் மேல் மெதுவாகத் தத்தவிடுங்கள். இலையில்லாத வெளி வந்ததும் ஒரு மூச்சு நேரம் நிறுத்துங்கள். பெரும்பாலும் அங்கேதான் அடிக்கும். திறந்த தண்ணீரில் நிறுத்தாமல் ஒரே வேகத்தில் இழுங்கள். பின்னால் 'வி' மாதிரி ஒரு கோடு தொடர்ந்தால் கை நடுங்கும், வேகத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

அடிக்கும்போது தண்ணீர் வெடிக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அந்தச் சத்தத்துக்கே ராடைத் தூக்கிவிடுகிறார்கள். மீன் இல்லாமல் வெறும் தவளை தலைக்குமேல் பறந்து வரும். எங்கள் பக்கத்து ஏரியில் மாடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, சோத்த வாயில வெச்சதும் தட்ட புடுங்கினா எப்பிடி?" என்றார். இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது. அடித்ததும் ராடு நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்துங்கள். தளர்ந்த நூலைச் சுற்றுங்கள். கனம் கையில் தெரிந்த பிறகு ராடை மேலே ஒரே வெட்டு, பலமாக. அடுத்த நொடியிலிருந்து நிறுத்தாமல் சுற்றி மீனின் தலையை மேலேயே வையுங்கள். பாசிக்குள் தலையை நுழைத்துவிட்டால் கொடியைச் சுற்றிக்கொண்டு நிற்கும். தவறிவிட்டால் தவளையை அங்கேயே மூன்று விநாடி மிதக்கவிட்டு மெல்ல ஆட்டுங்கள், பல நேரம் திரும்பி வந்து அடிக்கும்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன். தண்ணீர்மேல் செம்பழுப்பாகக் குஞ்சுக் கூட்டம் கொதிப்பது மாதிரி தெரிந்தால் அடியில் பெரிய விரால் காவல் நிற்கிறது என்று அர்த்தம். அந்தக் கூட்டத்தின் நடுவே தவளையை இழுத்தால் நிச்சயம் அடிக்கும், பசியில் அல்ல, கோபத்தில். சுலபமான மீன்தான். அதை எடுத்துவிட்டால் குறவையும் நீர்க்காகமும் அத்தனை குஞ்சையும் கொஞ்ச நேரத்தில் முடித்துவிடும். அதை வீடியோ போட்டு லைக் வாங்குகிறவர்களோடு நான் ஏரிக்குப் போவதில்லை.

எங்கே போகலாம் என்பதைவிட யாரைக் கேட்கவேண்டும் என்பது முக்கியம். அநேகமாக எல்லா ஏரியும் மீன்பாசிக் குத்தகையில் இருக்கும். டீக்கடையில் விசாரித்தால் குத்தகைக்காரர் யார் என்று சொல்லிவிடுவார்கள். நேரில் பார்த்து, "அண்ணா, விராலுக்கு மட்டும் தவளை போடுறோம், வளர்ப்பு மீன தொடமாட்டோம்" என்று சொல்லிக் கேளுங்கள். அவர் விட்ட கட்லா, ரோகு குஞ்சுகளை விரால் தின்கிறது என்பதால் சிலர் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். விராலுக்குத்தான் சந்தையில் விலை என்பதால் சிலர் முடியாது என்பார்கள். முடியாது என்றால் வண்டியைத் திருப்ப வேண்டியதுதான்.

காவேரிப்பாக்கம் ஏரி பழைய வட ஆற்காட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று, வாலாஜா அணைக்கட்டிலிருந்து பாலாற்றுத் தண்ணீர் வருவது. கரையில் நடந்தே கால் ஓய்ந்துவிடும். வண்டியில் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். குடியாத்தத்துக்கு மேலே கவுண்டின்ய ஆற்றில் இருக்கும் மோர்தானா அணைக்கு முதலில் அனுமதி கேளுங்கள். கிடைத்தாலும் மாலை வரை உட்காராதீர்கள். எல்லைக்கு அந்தப்பக்கம் ஆந்திரத்தின் கவுண்டின்யா சரணாலயம், யானை இந்தப்பக்கமும் வரும். வேலூர்க் கோட்டை அகழி தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பது, அங்கே ராடை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் நீர்நிலையில் பிடித்தால் நான் முள்ளைக் கழற்றி விட்டுவிடுவேன், வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொன்னது. அதற்காக ஏரி அடியில் படிந்ததெல்லாம் காணாமல் போய்விடாது.

தண்ணீரில் இறங்காதீர்கள். வண்டல் அள்ளிய பள்ளம் மேலே பார்த்தால் தெரியாது. ஒரு அடி வைத்தால் முழங்கால், அடுத்த அடியில் தலைக்குமேல். லூர் சிக்கினால் அறுத்துவிட்டுப் போங்கள். கரைப் புல்லில் விரியன் கிடக்கும், ஷூ போடுங்கள், விடியுமுன் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

முள்ளை எடுக்க நீள மூக்குக் குறடு வேண்டும், விரல் வேண்டாம். விராலுக்குப் பல் உண்டு. சாப்பிட எடுத்துப்போகிறீர்கள் என்றால் வாளிக்கு மூடி அவசியம், எகிறிக் குதித்துப் புல்லில் நெளிந்து தண்ணீருக்கே போய்விடும். வீட்டில் கல்லுப்பும் அடுப்புச் சாம்பலும் போட்டுத் தேய்த்தால்தான் வழவழப்பு போகும். தலையும் நடுத்துண்டும் புளி கரைத்த குழம்புக்கு, வால் பக்கம் வறுவலுக்கு. குழம்பில் துண்டு போட்ட பிறகு கரண்டியால் கிளறாமல் சட்டியைப் பிடித்துச் சுற்றிவிடுங்கள், உடையாது.