ஆற்றல் சிக்கனத் திட்டங்கள்: மாநில அரசுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மாநிலமோ மாகாணமோ ஆற்றல் சிக்கனத் திட்டம் ஒன்றை அறிவித்தால், இத்தனை லட்சம் பல்புகள், இத்தனை ஆயிரம் வீடுகள், இத்தனை கோடி யூனிட் மிச்சம் என்று எண்கள் வரிசையாக வரும். பல்பையும் வீட்டையும் நேரில் போய் எண்ணிவிடலாம். மிச்சமான யூனிட்டை அப்படி எண்ண முடியாது. மீட்டர் செலவானதை மட்டுமே காட்டும். திட்டம் இல்லாமல் போயிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்பதை ஊகித்து, அதிலிருந்து கழித்துத்தான் சேமிப்பைச் சொல்ல வேண்டும். இந்த ஊகத்தை யார் போடுகிறார்கள், எப்போது போடுகிறார்கள் என்பதில்தான் பல திட்டங்கள் சறுக்குகின்றன.

மிகப் பெரிய தவறு, தொடங்கும் முன் போட்ட கணிப்பையே முடிந்த பிறகு விளைவாக அறிவிப்பது. மெக்சிகோவில் 2009 முதல் 2012 வரை பழைய ஃபிரிட்ஜையும் ஏசியையும் கொடுத்துவிட்டுப் புதியது வாங்க அரசு மானியம் தந்தது. 15 லட்சத்துக்கும் மேற்பட்ட சாதனங்கள் மாற்றப்பட்டன. பிறகு ஆய்வாளர்கள் வீடுகளின் மின் கட்டணப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஃபிரிட்ஜ் மாற்றிய வீடுகளில் மின் பயன்பாடு ஏறத்தாழ 8 சதவீதம் குறைந்திருந்தது. முன்கூட்டிச் சொன்னதில் அது கால்வாசிதான். ஏசி மாற்றிய வீடுகளிலோ பயன்பாடு கூடிவிட்டது! புதிய ஏசி குறைந்த மின்சாரத்தில் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் நன்றாகக் குளிர்விக்கிற, செலவு குறைந்த இயந்திரம் கைக்கு வந்தால் மக்கள் அதைக் கூடுதல் நேரம் ஓடவிடுவார்கள். ஃபிரிட்ஜிலும் புதியவை அளவில் பெரிதாகவும் கூடுதல் வசதிகளோடும் இருந்தன.

இதைக் காட்டி ‘சிக்கனத்தால் பயனே இல்லை’ என்று சிலர் வாதிடுகிறார்கள். நீராவி இயந்திரம் சிக்கனமாக ஆக ஆக நிலக்கரிச் செலவு கூடத்தான் செய்யும் என்று 1865இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜெவன்ஸ் சொன்னதைத் துணைக்கு அழைக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. வீட்டுச் சாதனங்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் சேமிப்பின் ஒரு பகுதிதான் இப்படிக் கரைகிறது, முழுவதும் அல்ல. வெயிலில் வாடிய குடும்பம் நிம்மதியாகத் தூங்குவதும் நல்ல பயன்தான். அதை நலன் என்ற கணக்கில் எழுத வேண்டும், சேமித்த யூனிட் என்று எழுதக்கூடாது. அப்படி எழுதினால், அந்த யூனிட்டை நம்பி மின் உற்பத்தியைத் திட்டமிடுகிறவர் கோடையில் மாட்டிக்கொள்வார்.

இதற்கு வழி இருக்கிறது. திட்டத்தை எல்லாருக்கும் ஒரே நாளில் தர எப்படியும் பணம் இருக்காது. அப்படியானால் முதலில் யாருக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யலாம். முதலில் பெற்றவர்களின் கட்டணத்தையும் காத்திருப்பவர்களின் கட்டணத்தையும் ஒப்பிட்டால், திட்டத்தால் ஆன மாற்றம் தெரிந்துவிடும். இந்த ஏற்பாட்டைத் தொடங்கும் முன்பே செய்ய வேண்டும். முடிந்த பிறகு கேட்டால் ஒப்பிட ஆளே இருக்க மாட்டார்கள். மதிப்பீடு செய்பவருக்குச் சம்பளம் தருவது திட்டத்தை நடத்துகிற நிறுவனமாக இருக்கவும் கூடாது.

அடுத்தது, இலவசமாகத் தந்தால் மக்கள் ஓடிவந்து வாங்கிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வருமானம் குறைந்தவர்களின் வீடுகளுக்கு வெப்பக் காப்பு (சுவர், கூரை வழியே வெப்பம் கடக்காமல் தடுக்கும் அமைப்பு) செய்து தரும் அரசுத் திட்டத்தை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். குடும்பத்துக்கு ஒரு காசு செலவில்லை. ஆள் அனுப்பினார்கள், தொலைபேசியில் அழைத்தார்கள், படிவம் நிரப்ப உதவினார்கள். அப்படியும் சேர்ந்தவர்கள் 6 சதவீதத்துக்கும் குறைவு. வருமானச் சான்று, பழைய ரசீதுகள், பலமுறை வந்து போகும் ஆய்வு, வேலை நடக்கும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டிய கட்டாயம் என்று அலைச்சல் ஏகப்பட்டது. தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் விடுப்பு என்பதே பெரிய விலை. அந்தத் திட்டத்திலும் கணக்கில் போட்ட சேமிப்பு, கிடைத்த சேமிப்பைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தது.

கடன் கொடுக்கும் திட்டங்களுக்கும் இதே கதிதான். பிரிட்டனில் 2013 ஜனவரியில் தொடங்கிய ‘கிரீன் டீல்’ திட்டம், ஆற்றல் மிச்சமாகும்படி வீட்டைச் சீரமைக்கக் கடன் தந்து அதை மின் கட்டணத்தோடு சேர்த்து வசூலித்தது. வட்டி 7 சதவீதத்துக்கு மேல். நடைமுறையும் குழப்பம். 2015 ஜூலையில் அரசு புதிய நிதியை நிறுத்தியபோது, கடன் எடுத்த வீடுகள் ஏறக்குறைய 14,000 மட்டுமே. நாடு முழுவதற்குமான திட்டத்துக்கு இது ஒன்றுமே இல்லை.

சரி, திட்டத்தை நடத்தப்போவது யார்? பல இடங்களில் மின்சாரம் விற்கும் நிறுவனத்திடமே அந்தப் பொறுப்பையும் கொடுத்துவிடுகிறார்கள். விற்கிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் வருமானம் என்றிருக்கும் நிறுவனம், விற்பனையைக் குறைக்க மனதார உழைக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கலிபோர்னியா 1980களின் தொடக்கத்திலேயே மின் நிறுவனங்களின் வருமானத்தை விற்பனை அளவிலிருந்து பிரித்துவிட்டது. விற்பனை குறைந்தாலும் ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்த வருமானம் கிடைத்துவிடும். வெர்மான்ட் மாநிலம் 2000இல் வேறு வழியில் போனது: சிக்கனத்துக்கென்றே தனி அமைப்பை உருவாக்கி, கட்டணத்தில் வசூலிக்கும் சிறு தொகையை அதற்குத் தந்தது. இரண்டில் எது என்பது அந்தந்த இடத்தைப் பொறுத்தது. இரண்டையும் செய்யாமல் இலக்கு மட்டும் வைத்தால், அறிக்கைதான் வரும்.

யார் பணம் கட்டுகிறார்கள், யார் பலன் பெறுகிறார்கள் என்பதை அதிகாரிகள் கவனிக்காமல் விடுவது எனக்கு ரொம்பவும் வருத்தம் தருகிறது. திட்டச் செலவு எல்லாருடைய கட்டணத்திலும் ஏறுகிறது. மானியத்தையோ முன்பணம் போட முடிந்தவர்தான் எடுத்துக்கொள்கிறார். அமெரிக்காவில் 2006 முதல் வழங்கப்பட்ட தூய ஆற்றல் வரிச் சலுகைகளில் 60 சதவீதம் அளவுக்கு, வருமானத்தில் மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்கினருக்கே போனது. வாடகை வீடுகளில் சிக்கல் இன்னும் ஆழமானது. செலவு செய்ய வேண்டியவர் வீட்டு உரிமையாளர், கட்டணம் குறையப்போவது குடியிருப்பவருக்கு. உரிமையாளர் எதற்குச் செலவு செய்வார்? இதை மானியத்தால் மட்டும் தீர்க்க முடியாது. குறைந்தபட்சத் தரம் இல்லாத வீட்டை வாடகைக்கு விடக்கூடாது என்று சட்டம் வேண்டும். அந்தச் செலவை வாடகையில் ஏற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளவும் ஓர் ஏற்பாடு வேண்டும்.

அவசரம் உயிரையே வாங்கிவிடும். ஆஸ்திரேலியாவில் 2009இல், பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தும் வேகத்தில் வீட்டுக் கூரைகளுக்கு வெப்பக் காப்பு போடும் திட்டம் தொடங்கியது. பயிற்சியும் மேற்பார்வையும் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். 2010 பிப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட, அதை நம்பி முதல் போட்டிருந்த நிறுவனங்களும் விழுந்தன.

தொடங்குவதும் திடீரென நிறுத்துவதும் வேறு வகையான சேதம். ஒஹாயோ மாநிலம் 2008இல் மின்சிக்கன இலக்குகளைச் சட்டமாக்கியது, 2014இல் இரண்டு ஆண்டுக்கு உறைய வைத்தது, 2019இல் இன்னொரு சட்டத்தின் மூலம் முடித்து வைத்தது. அந்தக் கடைசிச் சட்டத்தின் பின்னால் இருந்த லஞ்ச விவகாரத்தில் மாநிலப் பேரவையின் முன்னாள் தலைவர் 2023இல் குற்றவாளி எனத் தீர்ப்பானார். வீட்டைத் தணிக்கை செய்யவும், காற்றுக்கசிவை அடைக்கவும், கருவியைச் சரியான அளவில் பொருத்தவும் ஆட்களைப் பழக்கப் பல ஆண்டுகள் ஆகும். நிதி நின்றால் அவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அடுத்த அரசு வந்து திட்டத்தைத் திரும்பத் தொடங்கும்போது பணம் இருக்கும், கை இருக்காது. ஆகவே நிதியை ஆண்டுதோறும் கேட்டு வாங்கும்படி வைக்காமல், ஐந்தாண்டுக்காவது ஒரே உத்தரவில் உறுதி செய்வது நல்லது.

கட்டட விதிகளைப் பற்றி ஒரு வரி: விதியை எழுதுவது மாநில அரசு, வரைபடத்தைப் பார்த்து அனுமதி தருவது உள்ளூர் நிர்வாகம். அங்கே ஆற்றல் விதிகள் தெரிந்த ஆய்வாளர் ஒருவரும் இல்லையென்றால், பல பத்தாண்டுகள் நிற்கப்போகும் கட்டடம் பழைய முறையிலேயே எழும்பும். புதிய மானியத் திட்டத்துக்கு நிதி ஒதுக்குவதற்கு முன், இந்த ஆய்வாளர் பணியிடங்களை நிரப்பிவிடலாம்.