போர் வரலாற்று ஆடியோ புத்தகமா? முதலில் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள்

போர் வரலாற்றை ஆடியோவில் கேட்க ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே ஒரே இடத்தில்தான் விடுகிறார்கள். தளபதி பிறந்தது, வளர்ந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் நன்றாக மனதில் நிற்கும். படைகள் நகர ஆரம்பித்ததும் யார் எந்தக் கரையில் இருக்கிறார்கள், எந்த ஊர் எதற்கு வடக்கே என்று ஒன்றும் பிடிபடாமல் வெறும் பெயர்களாக ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு ஆடியோ ஒத்துவராது என்று மூடிவிடுவார்கள். உண்மையில் ஆடியோ மேல் தப்பில்லை. அச்சுப் புத்தகம் படிக்கும்போது பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை முன்னால் புரட்டி வரைபடத்தைப் பார்த்துவிட்டு வருகிறோம், அது நமக்கே தெரியாமல் நடக்கிறது, காதுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் வரைபடத்தைக் கேட்பதற்கு முன்பே மனதில் ஏற்றிவிட வேண்டும். ஏற்றுவது என்றால் பார்ப்பது இல்லை, உங்கள் கையால் வரைவது.

அதற்கு முன் எந்தப் புத்தகம் என்று முடிவு செய்யுங்கள். ஒரு உலகப் போரையே முழுதாகச் சொல்லும் புத்தகங்களை முதலில் தொடாதீர்கள். ஒரே ஆள், ஒரே போர். அந்த ஆளே எழுதியதாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ‘நான்’ என்று பேசுகிற குரலைக் காது சட்டென்று பிடித்துக்கொள்ளும், எங்கே தொலைந்தாலும் "இவர் இப்போது எங்கே நிற்கிறார்?" என்று ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் திரும்பி வந்துவிடலாம்.

யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது யுலிசீஸ் கிராண்டின் தன்வரலாறு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவில் வடக்குப் படைகள் (அதாவது அமெரிக்க அரசின் படைகள், எதிரே நின்ற தெற்கு என்பது பிரிந்து போன தென் மாநிலங்கள்) அனைத்துக்கும் தலைமைத் தளபதியாக இருந்தவர், பிறகு ஜனாதிபதி ஆனவர். கடைசிக் காலத்தில் பணமெல்லாம் போய், தொண்டையில் புற்றுநோயும் வந்துவிட, குடும்பத்துக்கு ஏதாவது விட்டுச் செல்ல வேண்டும் என்று உட்கார்ந்து எழுதிய புத்தகம் அது. கொஞ்ச காலம் வாயால் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார், குரல் போன பிறகு தானே தாளில் எழுதினார், முடித்த சில நாட்களில், 1885 ஜூலை 23 அன்று, இறந்துபோனார். வாக்கியங்கள் அவ்வளவு நேராக இருக்கும், எங்கே நின்றேன், என்ன தெரிந்தது, என்ன உத்தரவு போட்டேன் என்று. காதுக்கு இதைவிட நல்ல உரைநடை இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து இல்லை. குரலை இழந்துகொண்டிருந்த மனிதரின் சொற்களை இன்னொருவர் குரலில் கேட்கிறோம் என்ற நினைப்பு எனக்கு ஒவ்வொரு முறையும் வரும். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் லிப்ரிவாக்ஸ் என்ற ஆடியோ புத்தகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

சரி, இப்போது தாள். மொத்தம் 70 அத்தியாயங்கள் உள்ள அந்தப் புத்தகத்தில் தெற்கின் கையிலிருந்த ஆற்றங்கரை ஊரான விக்ஸ்பர்க்கை கிராண்ட் முற்றுகையிட்டுப் பிடித்த கதையை எடுத்துக்கொள்வோம். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, அது மிசிசிப்பி ஆறு. கோட்டின் பாதியில் கொண்டை ஊசி மாதிரி ஒரு வளைவு. அந்த வளைவுக்கு வலப்பக்கம், கிழக்குக் கரையில், மேட்டின் மேல் விக்ஸ்பர்க், அங்கே தெற்குப் படையின் பீரங்கிகள் ஆற்றைப் பார்த்தபடி நிற்கின்றன. கிராண்டின் படை இடப்பக்கக் கரையில், ஊருக்குச் சற்று வடக்கே. விக்ஸ்பர்க்குக்கு நேர் கிழக்கே சுமார் 70 கிலோமீட்டரில் ஜாக்சன், இரண்டையும் இணைத்து ஒரு ரயில் பாதை. கீழே ஆற்றோரமாக புரூயின்ஸ்பர்க், அதற்குக் கொஞ்சம் உள்ளே போர்ட் கிப்சன். அவ்வளவுதான், ஐந்து நிமிட வேலை. ஒரு எச்சரிக்கை: போனில் இன்றைய வரைபடத்தைப் பார்த்து வரையாதீர்கள், 1876இல் ஆறு அந்த வளைவை அறுத்துக்கொண்டு வேறு வழியில் போய்விட்டது, இன்றைய படத்தில் ஊர் அந்த வளைவில் இருக்காது.

இப்போது கேளுங்கள். குளிர்காலம் முழுக்கக் கால்வாய் வெட்டியும் ஓடைகள் வழியாகப் புகப் பார்த்தும் எதுவும் நடக்காமல் போகிறது. 1863 ஏப்ரல் 16 இரவு கப்பல்கள் பீரங்கிகளின் முன்னாலேயே இருட்டில் ஓடிக் கீழே போய்ச் சேர்கின்றன, படை மேற்குக் கரையோரமாகவே நடந்து தெற்கே வருகிறது, ஏப்ரல் 30 அன்று புரூயின்ஸ்பர்க்கில் ஆற்றைக் கடக்கிறது. ஒவ்வொரு ஊர்ப் பெயரும் காதில் விழும்போது பேனாவால் ஒரு அம்புக்குறி போடுங்கள். மே 1 போர்ட் கிப்சன், 12 ரேமண்ட், 14 ஜாக்சன், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேற்கே, 16 சாம்பியன் ஹில், 17 பிக் பிளாக் ஆறு, அதன் பிறகு முற்றுகை, ஜூலை 4 சரண். தாளில் ஒரு தூண்டில் முள்ளின் வடிவம் வந்திருக்கும். விக்ஸ்பர்க்கைப் பிடிக்க வந்தவர் ஏன் அதை விட்டு விலகி வடகிழக்கே போனார் என்ற கேள்வியை அந்த வடிவமே கேட்கும், பதில் ஜாக்சனில் சேர்ந்துகொண்டிருந்த இன்னொரு தெற்குப் படை.

ஆற்றைக் கடந்த இடத்தில் கிராண்ட் சொல்வதைத் தவறவிடாதீர்கள். ஊர் இன்னும் விழவில்லை, எதிரியும் தோற்கவில்லை, ஆனாலும் எதிரி நிற்கும் அதே கரையில் காய்ந்த தரையில் கால் வைத்துவிட்டேன் என்று ஒரு பெரிய நிம்மதியைச் சொல்வார். படம் போடாமல் கேட்டால் அது நூற்றில் ஒரு வாக்கியமாகக் கடந்து போய்விடும். அந்தக் கோட்டை உங்கள் கையால் இழுத்திருந்தால் நான்கு மாதத் தவிப்பும் அதில் கேட்கும்.

தாளின் ஓரத்தில் பெயர்களுக்கு இடம் விடுங்கள். காதை ஏமாற்றுகிற பெயர்கள் இந்தப் போரில் நிறைய. ஜான்ஸ்டன் என்று தெற்கில் இரண்டு தளபதிகள்: ஆல்பர்ட் சிட்னி ஜான்ஸ்டன் 1862 ஏப்ரலில் ஷைலோ சண்டையில் இறந்துவிடுகிறார், அடுத்த வருடம் ஜாக்சனில் வருபவர் ஜோசஃப் ஜான்ஸ்டன். நான் முதல் முறை கேட்டபோது செத்தவர் எப்படித் திரும்ப வந்தார் என்று குழம்பி மூன்று அத்தியாயம் பின்னால் போனேன். அதேபோல ‘ஆர்மி ஆஃப் த டென்னசி’ வடக்குப் படை, ஆற்றின் பெயர் வைத்தது. ‘ஆர்மி ஆஃப் டென்னசி’ தெற்குப் படை, மாநிலத்தின் பெயர் வைத்தது. ஒரு ‘த’தான் வித்தியாசம், வாசிப்பவர் கொஞ்சம் வேகமாகப் போனால் அதுவும் விழாது. ஒரே சண்டைக்கு இரண்டு பெயர் வேறு, வடக்கு புல் ரன் என்பதைத் தெற்கு மனாசஸ் என்னும், ஆன்டீட்டத்தை ஷார்ப்ஸ்பர்க் என்னும்.

உச்சரிப்பும் படுத்தும். நாம் எழுத்தில் ‘கார்ப்ஸ்’ என்று படித்துப் பழகிய படைப்பிரிவு காதில் ‘கோர்’ என்றுதான் வரும். ஆர்கன்சாஸ் ‘ஆர்கன்சா’ ஆகும். லெஃப்டினன்ட் என்பதை அமெரிக்கர் ‘லூட்டினன்ட்’ என்பார். அளவு வரிசையையும் ஒருமுறை எழுதி வையுங்கள்: பல ரெஜிமென்ட் சேர்ந்து பிரிகேட், பல பிரிகேட் ஒரு டிவிஷன், பல டிவிஷன் ஒரு கோர். ரெஜிமென்ட் ஆயிரம் பேர் என்பது காகிதக் கணக்கு, களத்தில் பெரும்பாலும் பாதிகூட இருக்காது.

வாசிப்பவரைப் பற்றி. லிப்ரிவாக்ஸில் வாசிப்பவர்கள் தன்னார்வலர்கள், சில புத்தகங்களில் அத்தியாயத்துக்கு ஒரு குரல் மாறும். தன்வரலாற்றுக்கு அது ஒத்துவராது, ஒரே ஆள் முழுக்க வாசித்த பதிவைத் தேடி எடுங்கள். காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் மாதிரியைக் கேட்காமல் வாங்காதீர்கள், அதுவும் நடுவில் உள்ள ஒரு சண்டைப் பகுதி கிடைத்தால் அதைக் கேளுங்கள், முன்னுரையை யார் வேண்டுமானாலும் நன்றாக வாசித்துவிடுவார்கள். வேகத்தை இளமைக்கால அத்தியாயங்களுக்கு 1.25 வைக்கலாம். சண்டை வந்ததும் 1க்குக் கொண்டு வந்துவிடுங்கள், ஆங்கிலம் காதுக்குப் புதிது என்றால் 0.9கூட. ஆள் பெயர் ஒன்று தவறினால் பின்னால் போக வேண்டாம், முக்கியமானவராக இருந்தால் திரும்ப வருவார். இடப்பெயர் தவறினால் உடனே 30 விநாடி பின்னால் போங்கள்.

பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, தெரிந்த பாதையில் நடப்பது, இவற்றோடு நன்றாகப் போகும். சமையலில் கவனம் உடையும். வண்டி ஓட்டும்போது காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம். படுக்கையில் கேட்பதானால் பதினைந்து நிமிடத்தில் தானாக நிற்கும்படி டைமர் வையுங்கள், மறுநாள் அந்தப் பதினைந்து நிமிடத்தையும் மறுபடி கேளுங்கள்.

தன்வரலாறு கேட்கும்போது எதை ஒப்புக்கொள்கிறார், எதைச் சொல்லவே இல்லை என்று இரண்டையும் கவனியுங்கள். 1864 ஜூனில் கோல்ட் ஹார்பரில் நடத்திய கடைசித் தாக்குதலுக்காக எப்போதும் வருந்தியதாகவும், விக்ஸ்பர்க்கில் மே 22 தாக்குதலைப் பற்றியும் அதையே சொல்லலாம் என்றும் கிராண்ட் எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள். ஆனால் அவருடைய குடிப்பழக்கம் பற்றி ஊரே பேசியதை அவர் பேசுவதில்லை, எட்டு வருட ஜனாதிபதிப் பதவிக்கும் புத்தகத்தில் இடமில்லை. அதற்குத்தான் பிறர் எழுதிய வாழ்க்கை வரலாறு இரண்டாவதாக வேண்டும். முதலாவதாக அதைக் கேட்டால் எழுத்தாளரின் தீர்ப்பு முன்னால் வந்து நின்றுவிடும்.

அடுத்து எது என்றால், நம்மவர்களுக்கு நான் சொல்வது பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஸ்லிம் 1956இல் வெளியிட்ட ‘டிஃபீட் இன்டு விக்டரி’, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரோடு நடந்த பர்மா போர் பற்றியது. இது காசு கொடுத்துத்தான் கேட்க வேண்டும். தோற்ற தளபதி தன் தோல்வியை இவ்வளவு நிதானமாகப் பிரித்துப் பார்ப்பதை வேறெங்கும் நான் கேட்டதில்லை. நாகா மலையிலுள்ள கோஹிமாவுக்கு ஜப்பானியர் ஒரு ரெஜிமென்ட்தான் அனுப்ப முடியும் என்று கணக்குப் போட்டேன், ஒரு முழு டிவிஷன் வந்தது, தப்பு என்னுடையது என்று சொல்லிவிடுவார். ஆனால் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் அவர், மலாயாத் தமிழர் ஏராளமாகச் சேர்ந்த அந்தப் படையைப் பற்றி அவரிடம் நல்ல வார்த்தை எதிர்பார்க்க முடியாது, அந்தக் கதையைத் தனியாகத் தேடிக் கேட்க வேண்டும்.

இதற்கான படம் இன்னும் சுலபம், ஒரே ஒரு சாலை. மேலே ரயில் வந்து நிற்கும் டிமாப்பூர், நடுவில் கோஹிமா, கீழே இம்பால், அதற்கும் கீழே பலேல், பர்மா எல்லையில் டாமு. 1944இல் மாவட்ட அதிகாரி பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் படைகள் குழி வெட்டி நின்று சண்டை போட்டது இந்தச் சாலையில், கோஹிமாவில்தான். இன்று அங்கே உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் மைதானத்தின் கோடுகளை கான்கிரீட்டில் பதித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1942இல், ரங்கூன் விழுந்ததும் பர்மாவிலிருந்து நடந்தே கிளம்பிய மக்களில் பெரும் கூட்டம் டாமு வழியாக இதே சாலையில்தான் டிமாப்பூர் ரயிலுக்கு வந்தது, அதில் தமிழர்கள் நிறைய. உங்கள் வீட்டில் ‘பர்மாவிலிருந்து நடந்து வந்த’ தாத்தா பாட்டி கதை இருந்தால், அதைக் கேட்டு வளர்ந்த பெரியவர் யாராவது இன்னும் இருந்தால், அந்தத் தாளை அவரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள். எந்தெந்த ஊர் பெயர் சொல்வார்கள் என்று மட்டும் முதலில் கேளுங்கள், போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு.