பெட்டி வாங்கும் முன் மூன்று பக்கங்கள்

மகனை வீட்டிலேயே படிக்கவைப்பது என்று முடிவானதும் நான் அவசரமாகச் செய்த முதல் காரியம், ஐந்தாம் வகுப்புக்கான அமெரிக்க வரலாற்றை மொத்தமாக ஒரு பெட்டியில் வரவழைத்தது. பிரித்த பிறகுதான் ஒவ்வொரு பாடமும் பைபிள் வசனத்தோடு தொடங்குவதைப் பார்த்தேன். இங்கே அமெரிக்காவில் அபெக்கா, பாப் ஜோன்ஸ், நாட்கிராஸ் போன்ற கிறிஸ்தவப் பதிப்பகங்கள் வீட்டுக்கல்விக்கென்றே நிறைய புத்தகங்கள் போடுகின்றன. விரும்பியே அவற்றை வாங்கும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. தெரியாமல் வாங்குவதுதான் வீண்செலவு. பதிப்பகத்தின் இணையதளத்தில் 'நம்பிக்கை அறிக்கை' (Statement of Faith), அதாவது அவர்களின் மத நம்பிக்கையைச் சொல்லும் ஒரு பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், விளங்கிவிடும்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் கட்டாயமான ஐந்து பாடங்களில் 'நல்ல குடிமகனாக இருத்தல்' ஒன்று. அறிக்கை எதுவும் கேட்கமாட்டார்கள். நியூயார்க்கில் ஆண்டுத் திட்டம் எழுதிக்கொடுத்துக் காலாண்டு அறிக்கையும் அனுப்ப வேண்டும். டெக்சாஸ் மச்சான் சொன்னதை நம்பி நியூயார்க்கில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

நமக்குத் தெரிந்த அமெரிக்க வரலாறு பெரும்பாலும் பாஸ்டன் தேநீர் விருந்தோடு முடிந்துவிடும். பிறகு எப்படித் தரம் பார்ப்பது? மாதிரிப் பக்கங்களில் மூன்றைத் தேடிப் படியுங்கள்.

ஒன்று, உள்நாட்டுப் போரின் காரணம். 'மாநில உரிமைகள்' என்று மட்டும் சொல்லி மழுப்பும் புத்தகத்தை மூடிவிடுங்கள். 1861-ல் அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன மிசிசிப்பி மாநிலம், தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுமையாகப் பிணைந்தது என்று தன் அறிக்கையிலேயே எழுதிவைத்திருக்கிறது.

இரண்டு, பூர்வகுடிகள். அவர்களை நிலத்திலிருந்து அகற்ற 1830-ல் வந்த வெளியேற்றச் சட்டத்தின் பெயரிலேயே 'இந்தியன்' என்ற சொல் இருக்கிறது. அதைப் படித்த என் மகன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "நம்மையா அம்மா விரட்டினார்கள்?" என்று கேட்டான். கொலம்பஸின் குழப்பத்தைச் சொல்லிப் புரியவைக்க அன்றைய கணக்குப் பாடமும் போயிற்று. செரோக்கி மக்கள் ஒரு வரியில் வந்து மறைந்துவிடுகிறார்களா, அல்லது தங்கள் நிலத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை போனவர்களாக வருகிறார்களா என்று பாருங்கள்.

மூன்று, குடியேற்றம். இதில் நாமும் இருக்கிறோம். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்த பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர் 'வெள்ளையர்' அல்லர், ஆகவே குடியுரிமை கிடையாது என்று 1923-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-ல்தான் இந்தியர்களுக்கு அந்தக் கதவு திறந்தது; ஆனால் புதிதாகக் குடியேற ஆண்டுக்கு 100 பேர் என்றே அளவு வைத்தார்கள். நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கிய 1965-ஆம் ஆண்டுச் சட்டம் இல்லையென்றால் நம்மில் பலர் இங்கே வந்திருக்கவே மாட்டோம். புத்தகத்தில் இது இல்லாவிட்டால் நீங்களே சொல்லிக்கொடுங்கள்.

குடிமையியலுக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த சாண்ட்ரா டே ஓ'கானர் ஓய்வுக்குப் பின் தொடங்கிய ஐசிவிக்ஸ் தளத்தின் விளையாட்டுகள் இலவசம். அதில் ஒன்றில் பிள்ளைகள் வழக்கறிஞர் அலுவலகம் நடத்தி, வருகிறவருக்கு அரசியல் சாசனப்படி உரிமை உண்டா என்று முடிவு செய்வார்கள். குடியுரிமைத் தேர்வின் 128 கேள்விகளும் அரசுத் தளத்திலேயே கிடைக்கின்றன; பெற்றோருக்கும் என்றாவது உதவும்.

ஒரு மாலை நகரமன்றக் கூட்டத்துக்கும் அழைத்துப் போங்கள். நாங்கள் போன அன்று ஒரு முதியவர் தெருமுனை நிறுத்தப் பலகைக்காக எழுந்து பேசினார். மூன்று நிமிடம் முடிந்ததும் மணி அடித்தது; பாதி வாக்கியத்தில் உட்கார்ந்துவிட்டார். "நீயும் பேசலாமா?" என்றான் மகன். வாக்குரிமைதான் இல்லை, விசாவில் இருப்பவரும் பேசலாம் என்றேன். உடனே வாசலுக்குப் போய்ப் பெயர் எழுதும் சீட்டு ஒன்றை எடுத்துவந்து என் மடியில் வைத்துவிட்டான்.