தாளில் உள்ள புவிச்சரிதவியல் படத்தைக் கணினித் தரவாக்குதல்: யாழ்ப்பாணத் தாள்களுக்கான வழிகாட்டி

யாழ்ப்பாணக் கணக்கில் 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு பரப்புக் காணி சதுரமாக இருந்தால் அதன் ஒரு பக்கம் ஏறக்குறைய 16 மீற்றர். 1:100,000 அளவுத்திட்டப் படத்தில் கால் மில்லிமீற்றர் தடிப்பில் கீறிய ஒரு கோடு நிலத்தில் 25 மீற்றரை மூடிவிடும். சுண்ணக்கல்லும் மணலும் சந்திக்கும் எல்லை யாருடைய கிணற்றடியால் போகிறது என்பதை அந்தப் படம் சொல்லாது. கணினியில் ஏற்றி எவ்வளவு பெருப்பித்தாலும் சொல்லாது. கீழே வரும் ஒவ்வொரு வேலையிலும் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்: தாளில் உள்ளது தொலையவும் கூடாது, தாளில் இல்லாத நுட்பம் சேரவும் கூடாது.

தேவையானவை: படத்தின் மடிப்புக் குறைந்த பிரதி, அகலத்தாள் ஸ்கேனர் உள்ள கடை (வீட்டுப் பிளான் பிரதி எடுக்கும் கடைகளில் கிடைக்கும்), நிலப்படங்களைக் கையாளும் இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ், நல்ல மவுஸ் ஒன்று. படத்தை வெளியிட்ட புவிச்சரிதவியல் பணியகத்திடமோ நில அளவைத் திணைக்களத்திடமோ பயன்பாட்டு அனுமதியை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஸ்கேன்

300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 படப்புள்ளி), 24 பிட் நிறம், டிஃப் கோப்பு. இந்த அளவில் ஒரு படப்புள்ளி தாளில் 0.085 மில்லிமீற்றர், 1:100,000 படத்தில் அது 8.5 மீற்றர். கால் மில்லிமீற்றர் கோட்டுக்கு மூன்று புள்ளிகள் கிடைக்கும், அதற்கு மேல் தேவையில்லை. 70 × 55 சென்ரிமீற்றர் தாள் 300இல் ஏறக்குறைய 160 எம்பி, 600இல் 640 எம்பி. அந்த மேலதிக எடையால் எல்லைக்கோடு கூர்மையாகாது, அச்சுப் புள்ளிகள்தான் பெரிதாகத் தெரியும். குறியீடுகள் நெருக்கமாக இருந்தால் 400 எடுக்கலாம். ஜேபெக் வேண்டாம். அது நிற எல்லைகளில் அழுக்குப் படியவிடும். இரண்டு வெளிர் மஞ்சள்களைப் பிரித்தறிய வேண்டிய இடத்தில் அதுவே வினையாகும்.

கடைக்காரரிடம் மூன்றை நிறுத்தச் சொல்லுங்கள்: தானாக நிறம் திருத்துதல், தானாகச் சாய்வு திருத்துதல், பக்கத்துக்குப் பொருத்துதல். சுருட்டி வைத்த தாளைச் சில நாள் பலகைக்கடியில் தட்டையாக வைத்துக் கொண்டுபோங்கள். உருளை ஸ்கேனர் மடிப்பில் தடக்கினால் தாள் ஒரு பக்கம் இழுபடும். தொலைபேசியில் எடுத்த படம் கடைசி வழி மட்டுமே. வில்லையின் வளைவு ஓரங்களைத் தின்றுவிடும்.

நிலத்தில் பொருத்துதல்

பெரும்பாலான தாள்கள் கெடுவது இங்கேதான். ஸ்கேன் படத்தில் ஆள்கூறு தெரிந்த புள்ளிகளைக் குத்துவதற்கு முன் படத்தின் ஓரக்குறிப்பை வாசித்து, எந்தக் கட்டம், எந்த எறியம் (உருண்டையான நிலத்தைத் தட்டையான தாளுக்கு மாற்றிய முறை) என்று அறிந்துகொள்ளுங்கள்.

இலங்கையின் பழைய மீற்றர்க் கட்டம் கண்டவளை ஆதாரத்தில் அமைந்தது (ஆதாரம் என்பது ஆள்கூறுகளை அளப்பதற்கான அடிப்படை). அதன் போலித் தொடக்கம், அதாவது கட்டத்தின் தொடக்கப் புள்ளிக்கு இட்ட கிழக்கு, வடக்கு எண்கள், 200,000, 200,000. மென்பொருளில் அதைத் தெரிவதற்கான ஈபிஎஸ்ஜி எண் 5234. புதியது எஸ்எல்டி99, போலித் தொடக்கம் 500,000, 500,000, எண் 5235. குறிப்பு கிழிந்துபோயிருந்தாலும் எண்களே காட்டிக்கொடுக்கும். யாழ்ப்பாணக் கோட்டையடி பழைய கட்டத்தில் கிழக்கு 116, வடக்கு 494 கிலோமீற்றர் அளவில் வரும். புதியதில் 416, 794. இரண்டிலும் சேராத எண்கள் ஒரு அங்குலம் ஒரு மைல் காலத்துத் தாளில் இருந்தால், கட்டம் யார்டில் உள்ளதா என்று பாருங்கள். அப்படியான தாளில், ஓரத்தில் அச்சிட்ட அகலக்கோடு நெடுங்கோட்டு வெட்டுகளைக் கண்டவளை ஆள்கூறுகளாக (ஈபிஎஸ்ஜி 4244) எடுப்பது பாதுகாப்பு.

தாளில் உள்ள அகலக்கோடு நெடுங்கோடுகளை ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84 என்று எண்ணிப் பதிவது வழமையான பிழை. கண்டவளையிலிருந்து அதற்கு மாற்றும் எண்கள் எக்ஸ், வை, இசட் திசைகளில் –97, 787, 86 மீற்றர். இந்த மாற்றம் விடுபட்டால் யாழ்ப்பாணத்தில் படம் முழுவதும் ஏறக்குறைய 230 மீற்றர் மேற்கே தள்ளி விழும். வடக்குத் தெற்கில் 20 மீற்றர் அளவுகூட விலகாது. அதனால்தான் பிழை ஒளிந்துகொள்கிறது. காங்கேசன்துறையிலிருந்து பருத்தித்துறை வரை கரை கிழக்கு மேற்காக ஓடுவதால், செய்மதிப் படத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகப் பொருந்தியதுபோலத் தெரியும். சரிபார்ப்பை வடக்குத் தெற்காக ஓடும் வீதிகளிலும் சந்திகளிலும் செய்யுங்கள். பூமியின் வடிவத்துக்கு எடுத்த எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பெயரை மட்டும் பார்த்து இந்தியாவின் கல்யாண்பூர் ஆதாரத்தைத் தெரிவதும் உண்டு. நீள்கோளத்தின் பெயர் ஒன்றானாலும் ஆதாரம் வேறு.

கியூஜிஐஎஸ்ஸின் ஜியோரெஃபரன்சர் கருவியில் 12 முதல் 16 கட்டச் சந்திகளைத் தாள் முழுவதும் பரவலாகக் குத்துங்கள். நான்கு மூலைகள் போதாது. தாள் நடுவில் மடிந்திருந்தால் மூலைகள் அதைக் காட்டாது. ஆள்கூறுகளைத் தாளின் சொந்த ஆதாரத்திலேயே கொடுங்கள். வேறு ஆதாரத்துக்கு மாற்றுவது பிறகு நடக்கட்டும்.

மாற்று முறையாகப் போலினோமியல் 1 எடுங்கள். கடதாசி ஈரத்தில் நார் ஓடும் திசையை விடக் குறுக்கே கூடுதலாக விரியும். மாரி முழுவதும் அலுமாரியில் கிடந்த தாளில் இது நிச்சயம் இருக்கும். போலினோமியல் 1 இரு திசைகளுக்கும் தனித்தனி அளவு கொடுக்கும். ஹெல்மர்ட் முறைக்கு அது முடியாது. தின் பிளேட் ஸ்ப்ளைன் முறை எல்லாப் புள்ளிகளிலும் எச்சத்தை (கொடுத்த இடத்துக்கும் பொருந்திய இடத்துக்கும் உள்ள விலகலை) பூச்சியமாகக் காட்டும். அதைத் திறமையான பொருத்தம் என்று நம்ப வேண்டாம்: தவறாகத் தட்டிய எண்ணையும் அது அப்படியே விழுங்கிப் படத்தை அந்த இடத்தில் நெளித்துவிடும். கசங்கிய தாளுக்கு அதைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தால், முதலில் போலினோமியல் 1இல் ஓட்டி எண் பிழைகளைக் களைந்த பிறகு மாறுங்கள்.

சராசரி எச்சம் தாளில் 0.3 மில்லிமீற்றருக்குள், அதாவது 1:100,000இல் 30 மீற்றருக்குள் இருக்க வேண்டும். ஒரு புள்ளி மட்டும் மிகையாக இருந்தால் எண் பிழை; ஒரு ஓரம் முழுவதும் மிகையாக இருந்தால் தாள் இழுபட்டிருக்கிறது. மறுமாதிரிக்கு, அதாவது பொருத்திய படத்தின் புள்ளிகளுக்கு நிறம் கொடுப்பதற்கு, அண்மைப்புள்ளி முறை. மற்றவை நிறங்களைக் கலந்துவிடும்.

பிறகு, குத்தாத இடங்களில் பாருங்கள். கோட்டையின் மூலைகள், புகையிரதப் பாதை வீதியைக் குறுக்கறுக்கும் இடங்கள், பழைய சந்திகள் நல்லவை. மணற்காட்டுக் கரை போன்ற மணற்கரைகளைச் சரிபார்ப்புக்கு எடுக்கக் கூடாது, அவை நகர்பவை. சங்குப்பிட்டிப் பாலம் 2011இல்தான் திறக்கப்பட்டது. பழைய தாளில் அதைத் தேடாதீர்கள்.

கோடு முதலில், பல்கோணி பிறகு

படிவுகளை ஒவ்வொரு பல்கோணியாக (மூடிய உருவமாக) கீறினால் அயலில் உள்ள இரண்டுக்கும் இடையே ஒரே எல்லையை இரண்டு தரம் கீற வேண்டிவரும். இரண்டும் ஒருபோதும் பொருந்தா. இடையில் ஊசிபோன்ற துண்டுகள் மிஞ்சும். எல்லையை ஒரு தரம் மட்டும் கோடாகக் கீறி, கோடுகளிலிருந்து பல்கோணியை உருவாக்குங்கள்.

நிறத்தைக் கொண்டு தானாகக் கோடு எடுக்கும் கருவிகளில் நேரத்தைச் செலவிட வேண்டாம். படிவு எல்லை, வீதி, கட்டம், எழுத்து எல்லாம் கறுப்பாக இருக்கும் தாளில் அவற்றைப் பிரித்தெடுக்கும் நேரத்துக்குள் கையால் கீறி முடிக்கலாம். குடாநாட்டுத் தாளில் படிவுகளும் அதிகமில்லை: மயோசீன் சுண்ணக்கல், செம்மண், மணற்குன்று, கடற்கரை மணல், கடனீரேரிப் படிவு என்ற அளவுதான். ஆனால் குறியீட்டு விளக்கத்தைக் கவனமாக வாசியுங்கள். செம்மண் சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் போர்வை. அது தனி நிறமாக இருக்கிறதா, சுண்ணக்கல் நிறத்தின் மேல் புள்ளி அச்சாக இருக்கிறதா? புள்ளி அச்சானால் கணினியில் அடிப்பாறைக்கு ஒரு தரவு அடுக்கு, மேற்படிவுக்கு இன்னொரு அடுக்கு வேண்டும். ஒன்றாகக் கலந்தால் கீழே என்ன பாறை என்ற தகவல் அழிந்துபோகும்.

திரையை 1:25,000இல் நிலைநிறுத்திக் கீறுங்கள். அதைவிட நெருங்கினால் மை கசிந்த வளைவுகளையும் எல்லை என்று கீறத் தொடங்குவீர்கள். கோட்டின் நடுவே போங்கள். வளைவுகளில் தாளில் ஒரு மில்லிமீற்றருக்கு ஒரு புள்ளி போதும், நேர்க்கோட்டில் அதைவிடக் குறைவு. கோட்டு நுனிகள் தாமாக ஒட்டும் தூரம் 10 படப்புள்ளி.

முறிகோடாக உள்ள எல்லையைத் துண்டு துண்டாகக் கீறக் கூடாது. தொடர்கோடாகக் கீறி, நிச்சயம், அண்ணளவு, ஊகம் என்ற மூன்றில் ஒன்றைப் புலத்தில் (தரவு அட்டவணையின் நிரலில்) பதியுங்கள். படத்தை ஆக்கியவர் வெளியில் நடந்து திரிந்து, தெரியாத இடத்தில் தெரியாது என்று காட்ட வைத்த அடையாளம் அது; ஒரே தடிப்பான கறுப்புக் கோடாக்கினால் அவருடைய நேர்மை போய்விடும். குறைக்கோடு (பாறை உடைந்து விலகிய கோடு) ஒன்று படிவு எல்லையாகவும் இருந்தால் ஒரே கோடு, இரண்டு பண்புகள்.

கடற்கரை, கடனீரேரிக் கரை, தாள் விளிம்பு மூன்றையும் அதே அடுக்கில் வேறு வகைப் பெயருடன் கீறுங்கள். அவை இல்லாமல் பல்கோணி மூடாது. கடனீரேரிக் கரை மாரிக்கும் கோடைக்கும் மாறும் என்பதால் அதற்கு நீர் எல்லை என்று தனி வகை வேண்டும்.

கீறி முடிந்ததும் படிவுக்குள் முடிந்துவிடும் குறைக்கோடுகளை வேறாக எடுத்துவைத்து, மற்றவற்றை கிராஸ் மென்பொருளின் வி.கிளீன் கருவியில் ஓட்டிச் சந்திகளை உடைத்து, 10 மீற்றருக்குள் உள்ள இடைவெளிகளை ஒட்டுங்கள். பிறகு கோடுகளைப் பல்கோணியாக்கும் பொலிகனைஸ் கருவி. தாளில் படிவுக் குறியீடு அச்சிட்ட ஒவ்வொரு இடத்திலும் ஒரு புள்ளி வைத்து, அமைவிடத்தால் இணையுங்கள். ஒரு பல்கோணிக்குள் புள்ளி இல்லையென்றால் குறியீடு விடுபட்டிருக்கிறது. வெவ்வேறு குறியீட்டில் இரண்டு இருந்தால் எங்கோ எல்லை திறந்திருக்கிறது. ஒரு ஹெக்டேயருக்குக் குறைந்தவை தாளில் ஒரு சதுர மில்லிமீற்றர்கூட இல்லாதவை. சிறு தீவு தவிர்ந்த மற்றவை பெரும்பாலும் பிழை.

செய்மதிப் படத்தில் காங்கேசன்துறைச் சுண்ணக்கல் அகழிகளையோ நகர்ந்த கரையையோ கண்டு தாளின் எல்லையைத் திருத்த வேண்டாம். திருத்தத்துக்குத் தனி அடுக்கும் திகதியும் வேண்டும்.

எழுத்தும் கோப்பும்

பழைய குறியீட்டு விளக்கம் பாமினி எழுத்துருவில் தட்டச்சாகியிருந்தால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்டுங்கள். சேமிக்கும் கோப்பு வடிவமாக ஷேப்ஃபைல் வேண்டாம், ஜியோபேக்கேஜ் எடுங்கள். யூடிஎஃப்8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ஷேப்ஃபைலின் புலப்பெயருக்கு 10 பைட்டே இடம் இருப்பதால் மூன்று குறிகளுடன் பெயர் முடிந்துவிடும். விவரமும் 254 பைட்டில் வெட்டுப்படும். புலங்களாகக் குறியீடு, பெயர், காலம், பாறை வகை, மூலத்தாள், அளவுத்திட்டம், எல்லையின் நிச்சயம் ஆகியவை இருக்கட்டும்.

கடைசியாக, எல்லைகளை மட்டும் மூல அளவுத்திட்டத்தில் ஒளிபுகும் தாளில் அச்சிட்டு மூலத்தின் மேல் வைத்துப் பாருங்கள். அரை மில்லிமீற்றருக்கு மேல் விலகிய இடங்களைச் சிவப்புப் பென்சிலால் வளைத்துத் திருத்துங்கள். ஸ்கேன், குத்திய புள்ளிகளின் கோப்பு, ஜியோபேக்கேஜ் மூன்றையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். அடுக்கின் காட்சி எல்லையை 1:50,000இல் நிறுத்திச் சேமித்துவிடுங்கள்; அதற்கு மேல் பெருப்பித்தால் அடுக்கு மறையும்.