கால் ஊன்ற மண் இல்லாத முனி: முதன்முதலில் வரைபவர்களுக்கு ஒரு கரி ஓவியச் செய்முறை

“உச்சி நேரத்தில மருதடிப் பக்கம் போகாதை, முனி அடிச்சுப்போடும்” என்று அம்மம்மா சொல்லுவா. நானும் போகவில்லை. இலங்கையின் வன்னியில் ஆற்றங்கரையில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு ஆறு அறிமுகமானதே இந்தப் பயத்தோடுதான். வளர்ந்த பிறகு ஒருநாள் போய்ப் பார்த்தேன். மருது நின்றது, அதன் கீழே மண் இல்லை. மணல் அள்ளிய இடத்தில் கரை இடிந்து வேர்கள் அந்தரத்தில் தொங்கின. அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. இந்த முனி இனி எங்கே கால் ஊன்றும்?

அந்தக் கேள்வியைத்தான் வரையப் போகிறோம். ஓவியம் பழகாதவர்களும் ஒரு பின்னேரத்துக்குள் வரைந்து முடித்துவிடலாம்.

1. கதை கேளுங்கள்

ஊரில் வயதானவர்களிடம் போய் உட்காருங்கள். “பேய்க்கதை சொல்லுங்கோ” என்று கேட்டால் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். “எந்த மரத்தடிக்குப் போக விடமாட்டினம்? ஏன்?” என்று கேளுங்கள், கதை தானாக வரும். குளக்கட்டில் ஐயனார், மரத்தில் முனி, நீரருகே நாகதம்பிரான் என்று எங்கள் ஆட்கள் பயத்தை வைத்த இடமெல்லாம் காக்க வேண்டிய இடமாக இருப்பதைக் கவனிப்பீர்கள்.

பயம் எப்படி வேலை செய்கிறது என்று பழக வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் கதையே போதும். நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு மூதாட்டி வருகிறாள். பசிக்கிறது என்கிறாள், பொங்கிக் கொடுக்கிறார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை, கடல்நீரில் எரிகிறது. பிறகு தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள். மயிரை விலக்கினால் தலை முழுக்கக் கண்கள்! எவ்வளவு சாதாரணமாகத் தொடங்கி எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். பேன் பார்ப்பது நம் வீட்டுத் திண்ணையில் தினமும் நடப்பது. அதனால்தான் அந்தக் கண்கள் மறக்கவே மாட்டா. ஆனால் அந்த மூதாட்டிதான் கண்ணகி அம்மன், இன்றும் வைகாசியில் பொங்கல் காணும் தெய்வம். அவளைப் பேயாக வரையாதீர்கள். கதை சொல்லும் முறையை மட்டும் கடன் வாங்குங்கள்.

2. இடத்தைப் பாருங்கள்

பகலில், ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். மணல் ஏற்றுபவர்களையோ வாகன இலக்கங்களையோ படம் பிடிக்க வேண்டாம், வம்பு. நமக்கு வேண்டியது கரைதான். பழைய மணல் மட்டம் எதுவரை இருந்தது என்று மரத்தின் அடியில் நிறமாற்றம் காட்டும். வேர் எந்த இடத்தில் வெளியே வருகிறது, எப்படி வளைகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் தெரிந்திருந்தால் படம் ஆழமாகும். ஆற்று மணல் மாரி நீரைத் தனக்குள் வைத்திருக்கும். கோடையில் அது மெல்லக் கசிந்து பக்கத்துக் கிணறுகளுக்குப் போகும். கனகராயன் ஆறு போல மாரியில் பெருகிக் கோடையில் வற்றும் ஆறுகளுக்கு மணல்தான் தொட்டி. அள்ள அள்ள ஆற்றின் படுக்கை தாழும், கிணற்று நீரும் கூடவே இறங்கும். ஆகவே நம் படத்தில் கிணற்று வாளியும் வரும்.

3. கரி சுடுங்கள்

விரல் தடிப்பில் காய்ந்த வேப்பங்குச்சிகளைப் பால்மாப் பேணியில் நெருக்கி அடுக்குங்கள். மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு, பேணியை மூடி அடுப்பில் வையுங்கள். துளையால் வரும் புகை நின்றதும் இறக்குங்கள். முழுதாக ஆறும்வரை திறக்கக் கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் குச்சி சாம்பலாகிவிடும். இதோடு சொரசொரப்பான தாள் ஒன்று, ஒரு துண்டுப் பாண். அவ்வளவுதான்.

4. வரையுங்கள்

முதலில் தாள் முழுவதையும் கரியால் பூசி, துணியால் தேய்த்துச் சாம்பல் நிறமாக்குங்கள். இனி வெளிச்சத்தைப் பாணால் எடுக்க வேண்டும். பாணின் உள்பகுதியைப் பிசைந்து உருட்டி ஒற்றினால் கரி ஒட்டிக்கொண்டு வரும். வானத்துக்கு, தாளின் மேற்பக்கத்தில் ஒரு கீற்று மட்டும் போதும்.

பார்ப்பவர் குழிக்குள் நின்று மேலே பார்ப்பதுபோல வரையுங்கள். கரை தாளின் மேல்விளிம்புக்குக் கிட்ட இருக்கட்டும். அங்கிருந்து வேர்கள் இறங்கி, இரண்டு நீண்ட கால்களாக மாறி, தரைக்கு ஒரு சாண் மேலேயே முடிய வேண்டும். முகம் வேண்டாம். உடம்பு தாளுக்கு வெளியே போய்விடட்டும். பல்லும் இரத்தமும் போட்டால் பயம் அங்கேயே தீர்ந்துவிடும். பிணங்களையும் போடாதீர்கள். 2009 போரைக் கடந்து வந்தவர்கள் இந்தப் படத்தைப் பார்க்கப் போகிறார்கள். அவர்களுடைய இழப்பை நம் பயங்காட்டலுக்கு எடுக்க நமக்கு உரிமை இல்லை.

இப்போது வாளி. கயிற்றில் தொங்கும் சாதாரண வாளி, அடியில் ஒரு சொட்டு நீரும் இல்லை. அதை நோக்கி ஒரு வேர் கைபோல நீளட்டும். விரல்களைக் கூராக்காதீர்கள், ஏந்துவதுபோல விரியுங்கள். நான் முதலில் நகம் வரைந்தேன், படம் வெறும் பேய்ப்படமாகிவிட்டது. நகத்தை அழித்து உள்ளங்கையைத் திறந்ததும் காவல்காரன் தண்ணீர் கேட்கிறான் என்பது தெரிந்தது. அந்தக் கைக்கு மட்டும் அரை மணிநேரம் செலவழியுங்கள்.

கரி உதிராமலிருக்க ஓரடி தள்ளி நின்று ஹேர் ஸ்பிரே இருமுறை லேசாக அடியுங்கள்.

5. காட்டுங்கள்

முதலில் கதை சொன்னவருக்கு. எனக்குக் கதை சொன்ன ஆச்சி படத்தைக் கன நேரம் பார்த்தா. பிறகு எழும்பி நின்று தன் இடுப்பைத் தொட்டு, “மணல் இவ்வளவுக்கு நிண்டது பிள்ளை” என்றா. படத்தில் அந்த உயரத்தில் ஒரு மெல்லிய கோட்டைப் பாணால் எடுத்தேன். உங்கள் படத்திலும் அந்தக் கோட்டுக்கு இடம் விடுங்கள்.

தாளின் பின்பக்கம் ஊர், ஆறு, தேதி எழுதுங்கள். அடுத்த மாரி முடிந்ததும் அதே இடத்தில் நின்று இன்னொன்று வரைய வேண்டும்.